பெட்டியடியில் ஓராண்டு: வங்கியில் அப்ரன்டிஸாகச் சேரலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பி.காம். முடித்திருக்கிறார், ஓர் அரசு வங்கியில் ஓராண்டு அப்ரன்டிஸாகத் தேர்வாகியிருக்கிறார், காரைக்குடிப் பக்கம் ஒரு கிளை கிடைத்திருக்கிறது. ஆனால் முடிவில் வேலை உறுதி இல்லை என்கிறார்கள், இந்த ஒரு வருடம் வீண்தானா என்பது முதல் கேள்வி. போகிற நேர்காணலில் எல்லாம் 'ஒரு குழுவை எப்படி நடத்துவீர்கள்' என்று கேட்கிறார்களே, யாரையும் நடத்திப் பழக்கமில்லாத நான் என்ன சொல்வது என்பது இரண்டாவது. நான் 1988-ல் எழுத்தராகச் சேர்ந்து, கடைசிப் பதினொரு வருடம் கிளை மேலாளராக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றவன். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சேருங்கள். ஆனால் என்னவென்று தெரிந்து சேருங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நீங்கள் அங்கே பழகுநர்தான், ஊழியர் கிடையாது. வருடம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை. சமீப ஆண்டுகளில் வந்த அரசு வங்கி அறிவிப்புகளில் உதவித்தொகை, வங்கியையும் ஊரையும் பொறுத்து, மாதம் 10,000 ரூபாயிலிருந்து 15,000 வரை இருந்தது. தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தால் சமாளிக்கலாம். ஒரு முறை எங்காவது அப்ரன்டிஸாக இருந்தவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்ற நிபந்தனையும் பெரும்பாலான அறிவிப்புகளில் உண்டு, அதனால் 'பிடிக்கலைன்னா விட்டுட்டு அடுத்த வருஷம் வேற வங்கி' என்று நினைத்துச் சேராதீர்கள். சில வங்கிகள் எழுத்தர் தேர்வில் தங்களிடம் பழகியவர்களுக்குச் சிறு சலுகை தருகின்றன, உங்கள் வங்கி தருகிறதா என்று பாருங்கள். தேர்வுக்குப் படிப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், காலையில் ஒரு மணி நேரமாவது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது.

எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்றவர் (அப்பாவை எங்கள் பக்கம் அப்பச்சி என்போம்), பதினான்கு வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பெட்டியடிப் பையனாக. கிட்டங்கி என்பார்கள், ஒரே நீளமான கூடத்தில் பல விலாசக்காரர்கள், அதாவது கடன் கொடுக்கும் செட்டியார் கடைக்காரர்கள், தரையில் பெட்டி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, அதுதான் ஆபீஸ், அதுதான் கல்லா. பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பையன்தான் பெட்டியடிப் பையன். கூட்டுவது, தண்ணீர் எடுத்து வைப்பது, மை கரைப்பது, சில்லறை எண்ணுவது, சிட்டை, அதாவது அன்றாட வரவு செலவு, எழுதுகிறவருக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. அதற்கு மேல் அடுத்தாள், அதற்கும் மேல் மேலாள். மேலாள்தான் முதலாளிக்குப் பதிலாக அந்தக் கடையை நடத்துகிற ஏஜென்ட். பெட்டியடியில் உட்காராமல் அடுத்தாள் ஆக முடியாது, அடுத்தாளாக இல்லாமல் மேலாள் ஆக முடியாது, முதலாளியின் சொந்த மகனையே வேறொருவர் கடையில் பெட்டியடியில் உட்கார வைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று என்று கீழ்வாய் இலக்கம், அதாவது பின்ன வாய்பாடு, முழுக்க மனப்பாடம் ஆன பையன்களைத்தான் அனுப்புவார்கள், ஆனாலும் முதல் ஒரு வருடம் கணக்கில் கை வைக்க விடமாட்டார்கள் என்று ஐயா சொல்லுவார். பார்க்க மட்டும்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் அநேகமாக அதுதான் நடக்கப்போகிறது. பொதுவாக அப்ரன்டிஸிடம் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள், கணினியில் பதிவு போடத் தனிக் கடவுச்சொல்லும் தரமாட்டார்கள். படிவம் நிரப்பிக் கொடு, பாஸ்புக் அச்சடி, ஆதார் நகலைச் சரிபார், முதியவர்களுக்கு டோக்கன் எடுத்துக் கொடு. மூன்றாவது மாதத்திலேயே 'நான் பட்டதாரி, என்னை பியூன் வேலை பார்க்க வைக்கிறார்கள்' என்று புலம்பி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். ஏனென்றால் கிளையில் எல்லா மேசையையும் பார்க்க முடிகிற ஒரே ஆள் அந்த அப்ரன்டிஸ்தான். கேஷியருக்கு கவுன்டரை விட்டு நகர முடியாது, கடன் அதிகாரிக்குத் தன் கோப்புகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது, மேலாளருக்கு போன் விடாது.

அப்படி நடமாடும்போது எதைப் பார்க்க வேண்டும்? எனக்குப் பிடித்த இடங்களை மட்டும் சொல்கிறேன். காலையில் பெட்டகம் திறப்பதைப் பாருங்கள். இரண்டு சாவி, இரண்டு ஆள், ஒருவர் சாவியால் மட்டும் அது திறக்காது. ஒருவர் பதிவு போட்டால் இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். நகைக்கடன் மேசைக்குப் போங்கள், எங்கள் ஊரில் கிளையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஓர் ஆச்சி பழைய வளையல் ஒன்றைக் கொண்டு வருவார், கையில் வாங்கினால் கனமாக இருக்கும், உள்ளே பாதி அரக்காக இருக்கும். கல்லுக்கு எவ்வளவு கழிப்பது, அரக்குக்கு எவ்வளவு கழிப்பது, உரைகல்லில் உரசிய கோட்டை எப்படிப் பார்ப்பது என்று மதிப்பீட்டாளர் பக்கத்தில் ஒரு வாரம் நின்றால் போதும். அதைவிட முக்கியம், 'உங்க வளையல்ல அரக்குதான் நிறைய இருக்கு' என்பதை அந்த ஆச்சி முகம் வாடாமல் எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். கள்ள நோட்டு வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும், ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை என்றால் மாதாந்திர அறிக்கையில் போலீசுக்குப் போகும், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் புகார் பதிய வேண்டும். இதைச் சட்டமாகப் படிப்பது வேறு, நூறு நாள் வேலைக் கூலியில் வந்த ஒரே ஐந்நூறு ரூபாய் அது என்று ஒருவர் கண்கலங்கி நிற்கும்போது பார்ப்பது வேறு.

சாயங்காலம் கணக்கு முடிக்கிற நேரம் வரைக்கும் இருங்கள். ஐந்து மணி ஆனதும் கிளம்பலாம் என்று சொல்வார்கள், கிளம்பாதீர்கள். என்னுடைய பாடம் முழுவதும் அந்த நேரத்தில்தான் நடந்தது.

நான் சேர்ந்த காலத்தில் கையால் எழுதும் பேரேடு. சேர்ந்து ஐந்தாவது மாதம், ஒரு நாள் சாயங்காலம் பணம் எண்ணும்போது 9,000 ரூபாய் குறைகிறது. 1988-ல் அது எனக்குப் பல மாதச் சம்பளம். அப்போதிருந்த மேலாளர் எல்லார் முன்னாலும் கத்தினார், 'நாளைக்குக் காலையில பணத்தைக் கட்டிட்டு உள்ள வா' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் கவுன்டரிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தலைமை எழுத்தர், அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பி வந்தார். வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டார். ஒன்பதாயிரம் என்றேன். 'ஒன்பதால வகுபடுதில்ல, அப்ப பணம் எங்கயும் போகல, எண்ணு இடம் மாறியிருக்கு' என்றார். இரண்டு பேரும் அன்றைய செலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். 45,000 ரூபாய் கட்டிய ஓர் அரிசி மில்காரரின் செலானை நான் 54,000 என்று ஏற்றியிருந்தேன். புரட்டிக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

இந்த ஒன்பது கணக்கை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் பயன்படும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதமில்லாமல் வகுபடும். வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகைக்கு ஏதாவது ஒரு பற்று வரவாகவோ, வரவு பற்றாகவோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் எனக்கு அன்றைக்கு மனதில் நின்றது வேறு. அந்த மேலாளர் இருந்த இரண்டு வருடமும் எங்களில் யாரும் ஒரு தவறைத் தாமாகப் போய் அவரிடம் சொன்னதில்லை. சின்னக் குறையென்றால் கைக்காசைப் போட்டோம், தவறான பதிவை மறுநாள் சத்தமில்லாமல் திருத்தினோம். அவர் தன் கிளையில் தவறே நடப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். தவறெல்லாம் அண்ணனிடம் போய்க்கொண்டிருந்தது. பதவி மேலாளரிடம் இருந்தது, கிளையை நடத்தியது அண்ணன். குழு மேலாண்மை என்று நீங்கள் கேட்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: தவறு செய்தவன் முதலில் யாரிடம் ஓடி வருகிறானோ அவர்தான் அந்தக் குழுவை நடத்துகிறார். வங்கியில் ஒருவரைப் பணத்தோடும் தனியாக விடக்கூடாது, தவறோடும் தனியாக விடக்கூடாது. முதலாவதுக்கு ரிசர்வ் வங்கி ஏகப்பட்ட விதி போட்டிருக்கிறது. இரண்டாவதுக்கு விதி கிடையாது, மேலாளரின் குணம்தான்.

விதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முக்கியப் பொறுப்பில் இருக்கும் வங்கி ஊழியர்கள் வருடத்தில் ஒரு முறை தொடர்ந்து பத்து வேலை நாளுக்காவது கட்டாய விடுப்பில் போக வேண்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால் மறைந்திருப்பது வெளியே வரும் என்பது கணக்கு. ஐயா காலத்திலும் இதே கணக்குதான். மேலாளுக்கு மூன்று வருடம்தான் தவணை, முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும், புது ஆள் வந்து பேரேட்டையும் ஐந்தொகையையும் (மொத்த இருப்புக் கணக்கு) சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பழையவர் கப்பல் ஏறுவார். ஆனால் அவர்கள் அதை ஒரு சந்தேகமாக நடத்தவில்லை. திரும்பி வருகிறவருக்கு வீட்டில் விருந்து நடக்கும், அடுத்த பயணத்துக்கு முன்னால் சில மாதம் ஓய்வு, சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். நான் மேலாளரானபோது இந்தக் கட்டாய விடுப்பை 'உன்னை சோதிக்கிறோம்' என்ற தொனியில் யாரையும் அனுப்பியதில்லை. போய்ப் பிள்ளைகளோடு இரு, உன் மேசையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் அனுப்பினேன், இரண்டும் ஒரே உத்தரவுதான், திரும்பி வருகிற ஆள் வேறு மாதிரி வருவார்.

2016 நவம்பரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு, 9-ஆம் தேதி வங்கி மூடல், 10-ஆம் தேதி காலை கதவைத் திறக்கும்போது தெரு முனை வரைக்கும் வரிசை. நான் அப்போது காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், அரிசி மில்கள் நிறைந்த ஓர் ஊரில் மேலாளர். என்னோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். ஆளுக்கு 4,000 ரூபாய்க்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், நூறு ரூபாய் நோட்டு மதியத்துக்குள் தீர்ந்துவிடும், அப்புறம் புது இரண்டாயிரம்தான், அதை வாங்கிப் போகிறவருக்குச் சில்லறை எங்கும் கிடைக்காது. அந்தக் கோபமெல்லாம் கவுன்டரில் இருக்கும் பெண் மேல் விழும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கவுன்டர் ஆளை மாற்றினோம், நானும் உட்கார்ந்தேன். மேலாளர் அறையில் ஏசியில் இருந்துகொண்டு 'சீக்கிரம் சீக்கிரம்' என்று சொல்வது அந்த நாட்களில் பாவம் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவது நாள் சனிக்கிழமை, அன்றும் வங்கி உண்டு, எங்கள் இளைய கேஷியருக்கு 2,000 ரூபாய் குறைந்தது. புது நோட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு போயிருக்கும். ஒன்பது விதியெல்லாம் உதவாது, அது உண்மையாகவே போன பணம். விதிப்படி குறைவை கேஷியர்தான் கட்ட வேண்டும். அந்தப் பெண் மறைக்கவில்லை, ஏழரை மணிக்கு என் முன்னால் வந்து நின்று சொன்னாள். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்த இரண்டாயிரத்தை ஏழு பேரும் பங்கு போட்டோம். இரக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகமாகக் கொடு என்று காலையிலிருந்து அவளை நெருக்கியது நாங்கள், அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆறு வாரமும் எங்கள் கிளையில் ஒருவர்கூட விடுப்பு கேட்கவில்லை.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. நான் மோசமாக நடத்திய ஆளும் உண்டு. எல்லாக் கிளைக் கணக்கையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்த புதிதில், முப்பது வருடம் பேரேடு எழுதிய ஒருவர் கணினியில் தடுமாறினார். எழுத்து முத்து மாதிரி இருக்கும், எந்த வாடிக்கையாளரின் கையெழுத்தையும் பார்த்த உடனே சொல்லுவார். அவருக்குக் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லாமல், அனுப்புகைப் பிரிவில் உறை ஒட்டும் வேலைக்கு மாற்றினேன். ஒன்றரை வருடம் யாரோடும் பேசாமல் உறை ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றார். அவரை கணக்கு திறக்கும் மேசையில் உட்கார வைத்து, பக்கத்தில் ஓர் இளைஞனை வைத்திருந்தால் இருவருமே கற்றிருப்பார்கள். இது தோன்றியது அவர் போன பிறகுதான். உங்கள் கிளையிலும் இப்படி ஒருவர் மூலையில் இருப்பார். அவரோடு டீ குடிக்கப் போங்கள். கடன் கோப்பு ஒன்றைப் பார்த்து 'இது வராது' என்று அவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், அது எங்கள் ஊருக்கு வலித்த இடம். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். அடமானம் இருக்கிறதே, என்ன பயம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பர்மாவில் நம்மவர்கள் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள், 1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1930-களின் கடைசியில் சுமார் 25 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் லாபம். ஆனால் அவர்கள் கேட்டது பணம், நிலம் இல்லை. அந்த ஊர் மக்களின் வெறுப்பும் நிலத்தோடு சேர்ந்து வந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டு நடந்தே திரும்பியவர்களின் வீடுகள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கின்றன. அதனால் அடமானத்தைப் பார்த்துக் கடன் கொடுக்காதே, ஆளையும் தொழிலையும் பார்த்துக் கொடு என்பது இங்கே பாட்டி சொல்லும் பேச்சு. உங்களை வசூலுக்கு அழைத்துப் போனால் தயங்காமல் போங்கள். 30 நாள் தாமதத்தில் ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கும் 80-ஆவது நாளில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர் வாசலில் நின்றால்தான் புரியும்.

எங்கள் ஊருக்கு வங்கி ஒன்றும் வெளியிலிருந்து வந்ததல்ல. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பெட்டியடி, கிட்டங்கி என்று பழகிய ஊர் என்பதால்தான் அது முடிந்தது என்பது என் எண்ணம்.

நேர்காணலுக்கு வருவோம். 'நான் நல்ல தலைமைப் பண்பு உள்ளவன்' என்று சொல்லாதீர்கள், தேர்வுக் குழுவில் நானும் சில முறை உட்கார்ந்திருக்கிறேன், அதைக் கேட்டதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். இந்த ஒரு வருடத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றுக்காக வந்து குவிவார்கள். விரல் ரேகை பதியாத பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தனி வரிசையாக உட்கார வைக்கலாம் என்று நீங்கள் யாரிடம் சொன்னீர்கள், அவர் ஒத்துக்கொண்டாரா, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்தீர்கள், அதில் நீங்கள் எங்கே தப்பு செய்தீர்கள். பியூனிலிருந்து மேலாளர் வரை யார் ஒத்துழைத்தால் அந்த வரிசை நகர்ந்தது என்று உங்களால் சொல்ல முடிந்தால், கேட்பவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார். அதற்காகத்தான் ஒரு நோட்டு போடச் சொல்கிறேன். தினம் நாலு வரி போதும், வாடிக்கையாளர் பெயரும் கணக்கு எண்ணும் மட்டும் அதில் வரவே கூடாது.

இன்னொன்று. தவறு செய்தால், செய்வீர்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மாலை கணக்கு முடிவதற்குள் சொன்னால் அது ஒரு திருத்தம், மறுநாள் தெரிந்தால் விளக்கக் கடிதம். உங்கள் கிளை மேலாளர் கத்துகிற ஆளாக இருந்தால், அங்கே ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார், முதல் வாரத்திலேயே யார் என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

சேருகிற அன்று பெட்டகம் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். காரைக்குடி பஸ் காலையில் கூட்டமாக இருக்கும், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். முதல் மாதம் எப்படிப் போனது என்று எழுதுங்கள் தம்பி, நகை மதிப்பீடு பற்றி நிறையக் கேட்பீர்கள் என்று தெரியும், அதைத் தனியாக எழுதுகிறேன்.